கறை நீக்குபவன்

அறை எண் 1412:
இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு வேட்டி.
சீட்டில் பெயர் பார்த்தேன். வில்லவராயன், எம்.பி.

சால்மியாவில், கடல் தெரியாத அடித்தளத்தில்
பதினோரு வருடமாய்க் கறை எடுக்கிறேன்.
இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்.
வெந்நீர் பட்டால் நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

அவருக்கும் தெரிந்திருக்கும்.
லாக்கப்பில் செத்த கொத்தனாரின் சட்டையைத்
துவைக்காமல் சட்டசபைக்குத் தூக்கிப் போனவர்.
"அடித்து வாங்கிய வாக்குமூலம்
அடித்தவனுடையது" என்றார்.
நான் எட்டாம் வகுப்பு. பேப்பரைக் கத்தரித்து
வரலாற்றுப் புத்தகத்தில் வைத்திருந்தேன்.

என் அறைக்காரன் அந்தோணிப்பிச்சை
பதினேழு நாள் கழித்து ஜலீபுக்குத் திரும்பியபோது
குதிகால் ஊன்றாமல் சுவரைப் பிடித்து நடந்தான்.
இன்றும் லிஃப்ட் மணி அடித்தால்
இரண்டு கையும் தலைக்குப் போகிறது.
அவன் சொல்லச் சொல்ல மனு எழுதியது நான்.

வெள்ளிக்கிழமை, சங்கத்து விருந்தில்
இரவல் ஷூவோடு வரிசையில் நின்று கொடுத்தேன்.
பிரியாணியிலிருந்து பட்டையைப் பொறுக்கி
ஓரம் வைத்தபடி சொன்னார்:
"கண்டிப்பு வேற, சித்திரவதை வேற, தம்பி.
இவங்க நாடு, இவங்க சட்டம்."
பக்கத்து நாற்காலியில் முதலீட்டாளர் சிரித்தார்.
மனுவைப் பையில் வைத்துக்கொண்டார், பத்திரமாக.

பத்திரமாகத்தான் இருக்கிறது.
இடது பையில், நாலாய் மடித்து,
நான் மடித்த மடிப்பு கலையாமல்.

விடுதி விதி: பையில் கிடைப்பதை
உறையிலிட்டு அறைக்கே அனுப்ப வேண்டும்.
சில்லறை, பல்குச்சி, மாத்திரை எதுவானாலும்.
படிவத்தில் எழுதினேன்: காகிதம், ஒன்று.

சட்டையில் கறை ஏதுமில்லை.
காலரில் கொஞ்சம் அத்தர் வாசம், அவ்வளவுதான்.
ஆனாலும்
பச்சைத் தண்ணீரில்தான் போட்டேன்.