ஒற்றைப்படை

ஜனவரி. தல்ஸியில் ஏரி உறைந்து கிடக்கிறது.
அடுக்களை மேசையில் கிழங்கு விலைப்பட்டியல்,
பக்கத்தில் பெயின்ட் கடையில் கெஞ்சி வாங்கிய
வண்ண அட்டைகள்.
அச்சடித்த படத்தை நம்புவதை விட்டு
ஆறு வருடமாகிறது.
'பீச்' என்று அங்கே சிரிக்கும் டேலியா
எங்கள் ஆகஸ்ட் இரவின் குளிரில்
செங்கல்லாகிவிடும்.
வெள்ளை, மூன்று நாள் மழைக்குப் பின்
தேநீரில் நனைத்த காகிதம்.

பத்துப் பாத்தி. பாத்திக்கு நாற்பது கிழங்கு.
வெட்டி விற்க ஒரு கோடை முழுதும்
அதற்குள் அடங்க வேண்டும்.

ரீகாவிலிருந்து இனெஸெ அழைக்கிறாள்,
பூக்கடைக்காரி, எப்போதும் அவசரம்.
"பால் அதிகம் விட்ட காப்பி நிறம்,
நான்கு பாத்தி போடு. மணப்பெண்கள்
வேறெதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை."
சரி, நான்கு.
விரல் பட்டாலே அதில் பழுப்புத் தழும்பு.
மலர்ந்த பிறகுதான் வெட்டலாம்,
மொட்டாய் வெட்டினால் மொட்டாகவே சாகும்.

கருஞ்சிவப்பு ஒன்று, ஓயார்ஸுக்காக.
சவ அடக்கம் நடத்துகிறவர்.
நிறம் பற்றி எதுவும் சொல்லமாட்டார்,
எண்ணிக்கை மட்டும்: பத்து, பன்னிரண்டு, இருபது.
இங்கே இறந்தவர்க்கு இரட்டைப்படை,
இருப்பவர்க்கு ஒற்றைப்படை.
பிறந்தநாளுக்கு ஆறு பூ நீட்டினால்
கதவு திறந்தவள் முகம் வெளிறும்.
கட்டும்போது இரண்டு முறை எண்ணுவேன்.

தேவாலயத்துக்கு வெள்ளை இரண்டு, மழை வந்தாலும்.
கத்திரிப்பூ நிறம் ஒன்று.
இளஞ்சிவப்பு ஒன்றரை:
கேஃபிரில் பீட்ரூட் கரைத்த
எங்கள் கோடைச் சூப்பின் நிறம்.
எனக்குப் பிடிக்கும்.
பிடித்ததை வாங்குவது வியாபாரமா என்று
கிர்ட்ஸ் கணக்குப் புத்தகத்தைத் தட்டுகிறான்.
சென்ற வருடம் சிவப்பு பிடித்திருந்தது.
செப்டம்பரில்
எங்கள் உரக்குழி ஒரு வாரம் எரிந்தது,
புகையில்லாமல்.

"மஞ்சள்?" என்றால்
"பிரிவின் நிறம்" என்று இனெஸெ
தொலைபேசியை வைத்துவிடுவாள்.

ஆனாலும் வந்தது மஞ்சள்.
பீச் என்று சீட்டுக் கட்டிய மூன்று கிழங்கு
ஜூலைக் கடைசியில் வாய் திறந்தபோது
வெட்கமே இல்லாத மஞ்சள்.
திட்டிக் கடிதம் எழுத நினைத்தேன்,
பிடுங்க நினைத்தேன்,
இரண்டுக்கும் நேரமில்லை.

செப்டம்பர் ஒன்று, பள்ளி திறக்கும் நாள்.
பிள்ளைகள் எல்லாம் ஆசிரியைக்குப்
பூவோடு நடக்கும் காலை.
ஏழு மணிக்குள் வாளிகள் காலி.
ஏழரைக்குப் பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு
ஹாரன் மேல் கைவைத்துக் காத்திருந்தார் உல்டிஸ்.
இறங்கி ஓடி வந்தவன் அவர் மகன் க்ளாவ்ஸ்,
முதல் வகுப்பு, கழுத்தை இறுக்கும் பொத்தான்.
"ஒன்றும் மிச்சமில்லையே" என்றேன்.
அவன் என் முழங்கையைத் தாண்டிப் பார்த்தான்.
"அதோ, பொக்லைன் நிறம்!"

ஐந்து வெட்டினேன்.
சுங்க அதிகாரி போல் எண்ணிச் சரிபார்த்தான்.
பேருந்தின் பின் கண்ணாடியில்
அவன் முகம் தெரியவில்லை,
பூ மட்டும் திருப்பத்தில் சாய்ந்தது.
காசு வாங்காததைக் கிர்ட்ஸிடம் சொல்லவில்லை.

பட்டியலில் மஞ்சள் இருக்கிறது, மூன்று பக்கம்.
எலுமிச்சை, வெண்ணெய், தேன்மெழுகு.
அட்டைகளை ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.
எதுவும் மண் தோண்டாது.

"அரைப் பாத்தி பாக்கி" என்கிறான் கிர்ட்ஸ்.
"இருக்கட்டும்" என்று
டார்ச்சோடு நிலவறைக்கு இறங்கினேன்.
மணல் பெட்டியில்
என் கையெழுத்தில் இன்னும் அந்தப் பொய்: பீச்.
ஒரு கொத்து அழுகி விரலில் ஒட்டியது.
இரண்டு கெட்டியாக இருந்தன,
கண் எங்கே என்று மார்ச் வரை தெரியாது.

இரண்டு.
மணலுக்குள் மறுபடி கைவிட்டுத் துழாவினேன்.
வேறில்லை.
ஏப்ரலில் கத்தியை நெருப்பில் காட்டி
பெரியதைப் பிளப்பேன்.
மூன்று.
மனசு வைத்தால் ஐந்து.