வெள்ளித்தாள்

சிலோயேயின் இந்தத் தென்முனைத் தீவில்
கரண்ட் என்பது படகு மாதிரி,
எப்போது வரும் என்று கேட்கக் கூடாது.
அதனால் ரேடியோவை நான் சுவரோடு கட்டவில்லை.
சார்ஜர் பேட்டரிக்கு ஊட்டும்,
பேட்டரி ரேடியோவுக்கு.

சார்ஜர் ஐந்து ஆம்பியர்க்காரன்.
பொத்தானை அழுத்திப் பேசினால் ரேடியோ கேட்பது இருபது.
மீதிப் பதினைந்தை முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டு
நான் வாய் மூடியபின்
கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும் பேட்டரி.
கடைக்கார செகுந்தீனோவும் அப்படித்தான்,
ஆனால் அவர் எழுதி வைப்பார்.

ஜூலைக் குளிரிலும் ஜன்னல் ஒரு விரல் திறந்திருக்கும்.
பைத்தியமா ரெமிஹியா, என்பார்கள்.
சார்ஜ் ஏறும்போது பேட்டரி மூச்சு விடுகிறது.
அந்த மூச்சுக்கு ஒரு பொறி போதும்.
வேறென்ன சொல்ல.

நேற்றிரவு வடகாற்று.
கரண்ட் போய் ஒன்பது மணி நேரம்.
பதினொன்றரைக்கு ஒரு குரல், பாதி உப்பு, பாதி இரைச்சல்:
போர்ஃபியாதா அழைக்கிறது, போர்ஃபியாதா...
மேசையில் சாய்ந்து பொத்தானை அழுத்தினேன்.
பொட்.

விளக்கு, முள், குரல், எல்லாம் போயிற்று.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி
இரண்டு கம்பியிலும் ஃபியூஸ் வைத்தவள் நானே.
சிவப்பில் இருந்தது கருகிக் கிடந்தது.
மேசைமேல் சிகரெட் பெட்டி.
அதற்குள் வெள்ளித்தாள்.
சுருட்டிச் செருக ஒரு நொடி.
கடலில் நான்கு பேர்.
கை அதுவரை போனது, பொய் சொல்ல மாட்டேன்.

காரணமில்லாமல் ஃபியூஸ் சாகாது
என்று யாரையோ திட்டியபடி
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு அடியில் ஊர்ந்தேன்.
உரசி உரசிக் கம்பியின் தோல் கிழிந்து
செம்பு எட்டிப் பார்த்தது,
ரேடியோ உட்கார்ந்திருக்கும் அதே இரும்புச் சட்டத்தை.
என் முழங்கையின் பாரம் போதுமாயிருந்திருக்கிறது.

கறுப்பு முனையை முதலில் கழற்றினேன்.
டேப், இன்னொரு சுற்று டேப்.
டப்பாவில் முப்பது ஒன்று, நாற்பது ஒன்று.
கம்பி தாங்குவது முப்பது.

பதினோரு நிமிடம்.
போர்ஃபியாதா, கேட்கிறதா?
முள் பன்னிரண்டுக்குக் கீழே சரிந்து நின்றது.
"கேட்கிறது," என்றார் நிவால்தோ,
"விரிகுடாவுக்குள் வந்து நங்கூரம் போட்டாயிற்று.
மேட்ச் என்ன ஆச்சு?"
தோற்றுவிட்டோம், என்றேன்.
ஒரு கெட்ட வார்த்தை வந்தது,
ஓர் எழுத்துகூடச் சிதையாமல்.

பிறகுதான் கை நடுங்கியது.
சார்ஜர் செத்துக் கிடக்கிறது,
பேட்டரி மூச்சு விடவில்லை, தெரியும்.
இருந்தும் வெளியே போய்
மழையில் நின்று
மூன்றாவது குச்சியில் பற்ற வைத்தேன்.