நாற்பத்திரண்டு மூட்டை

செவில் நகரத்துப் பண்டகசாலையில்
இருவருக்கும் ஒரே பெயர்: ஹுவான்.
குழப்பம் வேண்டாமென்று முதலாளி
ஒருவனை ஏரி ஹுவான் என்றான்,
மற்றவனை மலை ஹுவான்.

ஏரிக்காரனுக்குத் தாய் வைத்த பெயர் கியாவ், மழை.
தண்ணீர்மேல் கட்டிய நகரத்தில் பிறந்தவன்.
மலைக்காரன் சுல்கா, கடைக்குட்டி.
அவனுக்கு அண்ணன்மார் ஆறு பேர் இருந்தார்கள்,
அம்மை வருவதற்கு முன்.

பேசிக்கொள்ள இருந்தது
அடித்தவனின் மொழி மட்டும்.
அதையும் பாதி விழுங்கிப் பாதி துப்பினார்கள்.

முதல் மாதம் முழுக்கச் சண்டை.
"எங்கள் சந்தையில் நுழைந்தால் வெளியேற ஒரு பகல் ஆகும்.
கொக்கோ விதையை எண்ணிக் கொடு, வான்கோழி உன்னுடையது."
"சந்தை எதற்கு?" என்றான் சுல்கா.
"எங்கள் பக்கம் பஞ்சம் வந்தால் ராஜாவின் களஞ்சியம் திறக்கும்.
விலை கேட்கிற சோறு என்ன சோறு?"
"ராஜா திறக்காவிட்டால்?"
சுல்கா கொஞ்ச நேரம்
மூட்டை வாயைத் தைத்துக்கொண்டிருந்தான்.

சாலையைப் பற்றிப் பேச்செடுத்தால்
அவனை நிறுத்த முடியாது:
மலைகளைக் கோத்தெடுத்த பாதை,
புல்லைத் திரித்துக் கட்டிய பாலம்,
ஓடி வந்தவன் மூச்சு வாங்குமுன்
அடுத்தவன் வாயில் ஏறிவிடும் செய்தி.
"கால் நோக ஓடுவானேன்?
எங்களுக்கு ஓடம் இருந்தது," என்பான் கியாவ்.

ஒன்றை மட்டும் இருவரும் தொடவில்லை.
கோயில் படிகளில் மேலிருந்து வழிந்ததைக் கியாவ் சொல்லவில்லை.
புத்தாடை உடுத்திப்
பனிச்சிகரத்துக்கு நடந்துபோன சிறுமியைச் சுல்காவும்.
அவள் அவன் தெருக்காரி.

மூட்டைகளில் இருந்தது கள்ளிச்செடியின் பூச்சி.
காய்ந்தால் மணல்,
நனைத்தால் பிஷப்புகளின் அங்கிச் சிவப்பு.
"கள்ளியின் ரத்தம் என்போம்," என்று
கியாவ் ஈரக் கையை விரித்தான்.
சுல்கா குனிந்து முகர்ந்தான்.
அம்மா நூலுக்குச் சாயம் காய்ச்சிய சட்டி.
அன்று சண்டை இல்லை.

மத்தேயு திருநாளுக்கு முந்தின நாள்
சரக்கு இறங்கியது.
கியாவ் கரித்துண்டால் சுவரில் வரைந்தான்:
கொடி ஒன்று, கொடி இன்னொன்று, இரண்டு புள்ளி.
அவன் ஆட்களுக்குக் கொடி என்றால் இருபது.
சுல்கா இடுப்புக் கயிற்றில் முடிந்தான்:
மேலே நான்கு தனி முடிச்சு,
கீழே இரண்டு சுற்றுச் சுற்றிய ஒன்று.
ஒருவன் கால்விரலையும் சேர்த்து எண்ணுகிறவன்,
மற்றவன் கைவிரலோடு நிறுத்துகிறவன்.
கரியும் கயிறும்
அதுவரை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
இரண்டும் சொன்னது நாற்பத்திரண்டு.

நோட்டரியின் தாளில் முப்பத்தொன்பது.

மூன்று மூட்டை அவர் வண்டியில் போனதைச் சொன்னார்கள்.
முதலாளி சுவரைப் பார்த்தான்: கிறுக்கல்.
கயிற்றைப் பார்த்தான்: சிக்கல்.
தாளில் முத்திரை இருந்தது.
எழுதப் படித்தவரைத் திருடர் என்றதற்காக
ஆளுக்குப் பதினைந்து சவுக்கடி.

இரவு. குப்புறக் கிடந்தார்கள்.
குவாதல்கிவிர் ஆற்றில் படகுக்காரர்கள்
எதற்கோ சிரித்தார்கள்.
"உன் ஊர் இருப்பது
எங்கள் ராஜாவுக்குத் தெரியாது," என்றான் சுல்கா.
"எங்களவருக்கும்தான்.
தெரிந்திருந்தால்?"
"படை அனுப்பியிருப்போம்."
"நாங்களும்."
சிரிக்கப் போனவர்களை முதுகு தடுத்தது.

விடியுமுன் சுல்கா கயிற்றைத் துழாவியெடுத்து
புதிதாய் மூன்று முடிச்சுப் போட்டான்.
"மூட்டைக் கணக்கா?"
"மூட்டையானால் ஒரே முடிச்சு, மூன்று சுற்று.
இது பத்துகளின் இடம். முப்பது."
கியாவ் விரல் மடக்கிப் பார்த்தான்.
"தனித்தனியாகத்தானே விழுந்தது?"
சுல்கா பதில் சொல்லவில்லை.

கியாவ் சுவரைப் பிடித்து எழுந்து
இருட்டில் கரியைத் தேடினான்.
ஒரு கொடி, பத்துப் புள்ளி.
இடம் போதவில்லை.
கடைசி இரண்டும் சுவரைத் தாண்டிக்
கதவின்மேல் விழுந்தன.