பாமினி திறக்காத காலை

பொகவந்தலாவை பஸ் தரிப்பிடத்துக்கு மேலே
கோழிக்கடைக்கும் நகை அடகுக்கும் நடுவில்
என் கொமினிகேஷன்.
நாலு கம்பியூட்டர். ஒன்றுக்கு மூச்சிரைப்பு.
திரையின் கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில்
உரிமத்தை உறுதிசெய்யச் சொல்லும் வரி
ஏழு வருசமாய் அங்கேயே நின்றது,
போன தேர்தலின் போஸ்டர் மாதிரி.
யாரும் வாசிக்கவில்லை. நானும்.

யாரோ ஒரு பையனின் பென்டிரைவில்
ஆடி மழையோடு வைரசும் வந்து இறங்கியது.
ஹட்டனிலிருந்து ரெக்ஸன் வந்தான்,
சட்டைப் பையில் லினக்ஸ்.
"காசுமில்ல அண்ணே, களவுமில்ல."
முதல் சொல்லுக்கு நான் தலையாட்டவில்லை;
இரண்டாவதில் விழுந்தேன்.
களவு விண்டோசில் உட்கார்ந்து
எத்தனை பேருக்கு நற்சான்றிதழ் அடித்துக் கொடுத்திருப்பேன்!

விடிய மூன்று பெட்டியும் புதுசு.
மூச்சிரைக்கிற கிழம் கூட
முகம் கழுவி நின்றது.

எட்டரைக்கு சுகந்தமலர் வந்தாள்.
கட்டுநாயக்க கார்மெண்டுக்கு விண்ணப்பம்,
போன வருசம் இதே கடையில் அடித்தது.
திறந்தேன்.
பெயர் இருந்த இடத்தில்
Rfe;jkyh;
"அண்ணே, இது யாரு?" என்றாள்.

பாமினி பெண்ணில்லை, எழுத்துரு.
இந்த மலையின் பிறப்பும் இறப்பும்
காமன் கூத்து நோட்டீசும்
காணாமற்போன மாட்டுக்கான அறிவித்தலும்
அவள் உடுப்பில்தான் ஊருக்குள் வரும்.
யூனிகோட் வந்து எவ்வளவோ காலம்;
பழைய ஃபைல்களுக்கு யார் போய்ச் சொல்வது?

ரெக்ஸன் போனில் சிரித்தான்.
பாமினியையும் கொண்டுவந்து குடிவைக்கலாமாம்.
வைத்தோம். பெயர் திரும்பி வந்தது.
ஆனால் பிரதேச செயலகப் படிவத்தின் கட்டங்கள்
ஒரு அங்குலம் சறுக்கி
கையெழுத்துக் கோடு மட்டும் தனியாய்
இரண்டாம் பக்கத்தில் போய் நின்றது.
பிரிண்டர் எந்தப் பாஷையும் தெரியாதவன் போல
சிவப்பு விளக்கால் கண்ணடித்தது.
ஓ.எல். எழுதப் போகிற பிள்ளை
"சேர் காட்டின பட்டன் இதுல இல்லையே" என்று
எழுந்து எதிர்க்கடைக்குப் போனாள்.
தோட்டத்து ஆபீஸ் கிளார்க் வந்தார்:
கொழுந்து நிறுவைக் கணக்கு
விண்டோசில் மட்டும்தான் திறக்குமாம்.
அவரும் எதிர்க்கடைக்கு.

ராத்திரி ரெக்ஸனைக் கேட்டேன்:
எல்லா மேசைக்கும் இது எப்போது வரும்?
"அடுத்த வருசம் அண்ணே."
போன வருசமும் இதைத்தானே சொன்னாய்?
சொன்னேன் என்றான், வெட்கமில்லாமல்.
எனக்கு அந்தச் சொல் பழக்கம்.
எங்கள் ஏழு பேர்ச் காணிக்கு உறுதியும்
அடுத்த வருசம்தான்,
அப்பா உயிரோடு இருந்த காலத்திலிருந்து.

தேத்தண்ணிக் கிளாசை வைத்துவிட்டு
என் போனைத் தட்டினான்.
"இதுக்குள்ளயும் அதே சாமான்தான்.
லயத்துக்கு லயம், ஆளுக்கு ஆள், எல்லார் கையிலயும்."
அப்படியானால் வந்துவிட்டதா?
பெயர் சொல்லாமல், கதவைத் தட்டாமல்?
கொஞ்சம் யோசித்தான்.
"இஞ்சின் நம்மட. பங்களா அவங்கட."
வெளியே மழை.
அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

இப்போது மூன்றில் லினக்ஸ்.
நாலாவதில் பழையது, சாம்பல் வரியோடு,
தோட்டத்துக் கணக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும்.
களவை முழுதாய்க் கைவிட முடியவில்லை;
மூலையில் வைத்து
மேலே ஒரு துணி போர்த்தியிருக்கிறேன்.

போன கிழமை சுகந்தமலர் மறுபடி வந்தாள்.
நேர்முகத்தேர்வுக்குக் கடிதம் கிடைத்திருக்கிறதாம்.
கேட்காமலே மூச்சிரைக்கிற கிழத்தின் முன் உட்கார்ந்து
கட்டுநாயக்கவுக்கு எத்தனை மணி பஸ் என்று தேடினாள்,
கண்டாள், கையில் எழுதிக்கொண்டாள்.
எழும்போது மட்டும் திரும்பிப் பார்த்தாள்.
"முந்தி சுத்திக்கிட்டே கெடக்குமே அண்ணே,
என்னத்த மாத்துனீங்க?"

லினக்ஸ் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாசலில் பஸ் ஹோன் அடித்தது.

"மேசையத் தொடச்சேன்" என்றேன்.