வெட்டுண்ட காது

எங்கள் பேண்டுக்கு அந்தப் பெயரை வைத்தது எப்சிபா.
தீப்பந்தங்களோடு தோட்டத்துக்குள் நுழைந்த கும்பலில்
ஒரு வேலைக்காரனின் வலது காது அறுந்ததே, அது.
"கையக் கட்டி இழுத்துட்டுப் போற நேரத்துலயும்
ஒட்டவெச்சுட்டுப் போனார்டா.
கடைசி வைத்தியம் காதுக்குத்தான்"
என்றாள், வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே.
கமிட்டிக்குத் தந்த மனுவில் மட்டும்
அருவங்காடு வாலிபர் இன்னிசைக் குழு என்று போட்டோம்.

ஞாயிறு பள்ளி அறையில் ஒத்திகை.
சுவர் முழுக்க முட்டை அட்டைகள்,
கெர்சோமின் மாமா கடையிலிருந்து;
ஒன்றில் இன்னும் ஒரு கோழி இறகு ஒட்டியிருக்கிறது.
மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்தால்
கிட்டார் அரை சுருதி இறங்கிவிடும்.
லிவின் ஜெர்கினைக் கழற்றாமலே வாசிப்பான்.
மூன்றே கார்டு, மூச்சுவிடாத டிரம்ஸ்.
வேகமாக வாசித்தால் விரல் விறைக்காது,
எங்கள் இறையியல் அவ்வளவுதான்.

ஆலைச் சங்கு ஊதும்போது மட்டும் நிறுத்துவோம்.

எப்சிபா எழுதிய முதல் வரி:
எனக்குப் பதினாறு, உமக்கு முப்பத்திமூணு,
ரெண்டு பேரையும் சொந்த ஊர்ல யாரும் மதிக்கல.
செயலர் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.
அதே வரியை அவள் கீர்த்தனை மாதிரி
இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினாள்.
"இது பரவால்லம்மா" என்றார், கண்மூடி.

நான் பேஸ்.
எனக்கு ஜெபிக்க வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.
ஒன்பது வயதில் குன்னூர் மைதானத்தில் மூன்று நாள் கூட்டம்.
நெற்றியில் எண்ணெய், இடது காதில் ஒரு கட்டைவிரல்.
"கேக்குதா மகனே?"
மைக் என் வாயருகே இருந்தது.
கீழே புல்லின் ஈரத்தில்
அம்மா செருப்பில்லாமல் நின்றிருந்தாள்.
கேக்குது என்றேன்.
அல்லேலூயா வலது காதில் மட்டும் வந்து மோதியது.

ஏழு வருஷமாக அம்மா வேண்டுமென்றே
என் இடது பக்கம் உட்கார்ந்துதான் பேசுகிறாள்,
சந்தோஷமாக.
நான் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறேன்.

பேஸுக்குக் காது வேண்டாம்.
நாலு தடித்த கம்பி.
கழுத்தெலும்பில் ஏறும், கடைவாய்ப்பல்லில் உட்காரும்.
ஆம்ப்ளிஃபயரை எப்போதும் இடது பக்கம் வைப்பேன்.
யாரும் ஏனென்று கேட்டதில்லை.

வாலிபர் ஞாயிறு, கோத்தகிரி. விடாத மழை.
கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற ஸ்பீக்கர்
அன்றைக்கு எங்களுக்கு வந்தது.
எதிரே அறுபது பிளாஸ்டிக் நாற்காலி,
பரீட்சை எழுத வந்தது போல் அறுபது பேர்.
முதல் பாட்டு முடிந்தது. இருமல்.
இரண்டாவதில் குரங்குக் குல்லா போட்ட ஒரு பொடியன்
குதிக்க ஆரம்பித்தான், தனியாக, தாளம் தப்பி.
பிறகு அவன் அக்கா. பிறகு ஒரு வரிசை.
நாற்காலிகள் மல்லாந்தன.
செயலர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

மூன்றாவதுக்கு முன் லிவினின் கம்பி அறுந்தது.
மாட்டி முடிக்கும்வரை ஏதாவது பேசுடா என்று
எப்சிபா மைக்கை என்னிடம் நீட்டினாள்.

நான் எதையும் யோசித்து வைக்கவில்லை.
மைக்கின் இரும்பு வலையில் அதே துரு வாசம்.
"அன்னைக்கு எனக்குக் கேக்கல" என்றேன்.
"இன்னைக்கும் கேக்கல. இந்தக் காது."

அல்லேலூயா இல்லை. தகரக் கூரையில் மழை,
அதுவும் பாதிதான்.
நாலாவது வரிசையில் அம்மா எழுந்தாள்.
வாசல் பக்கம் போகிறாளென்று நினைத்தேன்.
சுவரோரமாகச் சுற்றி வந்து
மேடையின் வலது பக்கம் நின்றாள்.
என்னவோ சொன்னாள்.
அதற்குள் கெர்சோம் குச்சிகளைத் தூக்கிவிட்டான்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.