மூன்றாம் பக்கத்தில் பென்சில்

ஒப்புக்கொள்கிறேன்.
ஒன்பது வருடமாக
மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில்
கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதியது நான்தான்.
இருதயமேரி இல்லை. பாவம்,
பஸ் முழுக்க அவளைத்தான் சந்தேகப்பட்டது.

பட்டர்வொர்த்தில் ஏறி, பாலம் தாண்டி,
பாயான் லெப்பாஸ் வரை தொழிற்சாலை பஸ்.
இரவு ஷிப்ட். பின்னாலிருந்து மூன்றாவது சீட்.
மாதம் ஒரு நாவல்: நாலரை வெள்ளி,
ஐந்து பேர், ஆளுக்குத் தொண்ணூறு காசு.
விடுமுறையில் பெர்ரி ஏறி லெபோ பசார் போய்
மாலைக்கடைக்குப் பக்கத்தில் வாங்கி வருபவள் நான்.
அதனால் முதலில் படிப்பவளும் நான்.

டிரைவர் சந்திரகாசன்தான் சொன்னார்,
நடுப்பாலத்தில், திரும்பாமல்:
"தில்லை முகிலன் போய்ட்டாராம்."
"எங்க?" என்றாள் புஷ்பலீலா.
பாலம் முடியும்வரை யாரும் பதில் சொல்லவில்லை.

சென்னையில், சொந்தக் கட்டிலில், தூக்கத்தில்.
வயது எழுபத்து மூன்று. சர்க்கரை.
கதவு உள்ளே தாழிடப்படவில்லை.
மேசையில் பாதி குடித்த காப்பி இருந்ததாம்;
அதில் காப்பி மட்டுமே இருந்ததாம்.

நானூறு பேரைக் கொன்ற மனுஷன்.
கிணற்றில், லிப்டில், மல்லிகைச் சரத்தில் தடவிய நஞ்சில்,
ஒருமுறை கோவில் மணியின் நாக்கால்.
அவருக்கென்று ஒரு தடயம்கூட வாய்க்கவில்லை.
"அவரு எழுதின முடிவு மாதிரியே இல்ல" என்றாள் மேரி.
அழுகிறாளா, கோபமா,
முகமூடிக்கு மேல் கண் மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

உள்ளே காகிதம் கூடாது, பென்சில் கூடாது.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு;
நாற்பது பேரும் ஒரே ஆள்.
மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி
எதிர் மேசைக்காரி கொலை செய்திருப்பாளா என்று
எத்தனை இரவுகளை ஓட்டியிருக்கிறோம்.
புருஷன் ஜொகூருக்குப் போய்த் திரும்பாத வருடம்
புஷ்பலீலா சாப்பிட்டது குறைவு,
படித்தது இருபத்தேழு நாவல்.

மூன்று மணிக்குக் கேண்டீனில்
ரொஸ்னாவுக்கு நான் மலாயில் கதை சொல்வேன்.
நாசி லெமாக் பொட்டலம் பிரிக்காமலே கேட்பாள்:
"சியாப்பா புனோ?" யார் கொன்றது?
அவளுக்கு மட்டும் முடிவை
கடைசியில்தான் சொன்னேன்.

குற்றத்துக்கு நோக்கம் வேண்டுமே, சொல்கிறேன்.
அப்பா பினாங்கு பெரியாஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாள்,
டாக்டர் யாரும் எதுவும் சொல்லவில்லை.
பெஞ்சில் உட்கார்ந்து
கடைசி அத்தியாயத்தை முதலில் படித்தேன்.
தெரியாமல் காத்திருப்பது
இன்னொருத்திக்கு வேண்டாம் என்று எழுதினேன்.
அது முதல் முறை.
பிறகு பழக்கம்.
பிறகு, மறைப்பானேன், சுகம்.

இந்த மாத நாவல்:
குளத்தில் பிணம், வீட்டில் ஆறு பேர், ஒரே சாவி.
கடைசிப் பக்கத்தின் அடியில்
"முடிவு அடுத்த மாதம்."

பென்சிலைச் சீவினேன்.
மறுபடி சீவினேன்.
ஓரத்தை வெள்ளையாகவே விட்டு
புஷ்பலீலாவிடம் கொடுத்தேன்.

பதினோரு நாளில் திரும்பி வந்தது,
சாம்பார் கறையோடு, மூலை மடிந்து.
மூன்றாம் பக்கத்தில்:
டாக்டர், என்று மேரி.
இரண்டாம் மனைவி, என்று புஷ்பலீலா, இரண்டு கோடு போட்டு.
பால்காரன், ரொம்ப நல்லவன், அதனால், என்று ஞானசுந்தரி.
அமுதவல்லி ஒரு பெயரை எழுதி அழித்திருக்கிறாள்;
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்,
கதையில் அப்படி யாரும் இல்லை.

அதற்குக் கீழே
மலாயில், நீலப் பேனாவில்,
ஜாங்ஙான் பகிதாவு.
சொல்லிவிடாதே.

ரொஸ்னாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.
கேண்டீன் மேசையில் என் எதிரே உட்கார்ந்து
என் கையைத்தான் பார்த்திருக்கிறாள்,
ஒன்பது வருடம்.