ஏழிலிருந்து நாலுக்கு

காரை வாலஸ் எடுத்துக்கொண்டான்.
அப்பாவின் கடிகாரம் என் பங்கு.
கறுப்பு ஸ்லேட் கல், ஒரு சிறு கல்லறையின் கனம்.
மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கினால்
கூரை மட்டும் கையோடு வரும்.
அடியில் கைகொடுத்து எடுத்துவந்தேன்.

டண்டீயில் பதினேழு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
நிமிடம் என்றால் எனக்குத் தெரியும்:
மழையில் நிற்பவர் என்னைப் பார்க்கும் பார்வை அது.
இதுவோ நாலு மணிக்கு ஏழு அடிக்கிறது,
வெட்கமே இல்லாமல்.

"சணல் மில்லில் என் தாத்தாவுக்குக் கொடுத்த பரிசு"
என்பார் அப்பா, யார் வந்தாலும்.
முகப்பில் பித்தளைத் தகடு: ஏ. கின்லாக்.
எழுத்து கோணலாக இருக்கும்.
அந்தக் காலத்துப் பாணி என்பார் அதற்கும்.

பின்கதவைத் திறந்து ஊசல் குண்டைக் கழற்றினேன்.
அதன் முதுகில் 318.
உள்தகட்டிலும் 318.
பாரிஸில் யாரோ இரண்டையும் ஒரே மேசையில் வைத்து
எண் அடித்திருக்கிறார்.
சுற்றிலும் ஊசிமுனைக் கீறல்கள்,
திறந்தவரெல்லாம் போட்ட தேதி:
1903. 1911. 1926.
"மறுபடியும் அதே வில்" என்று ஒருவர்,
அலுத்துப்போய்.

எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் தையலூசி நுனியால்.
சமையல் எண்ணெய் போதாதா அக்கா, என்றான் வாலஸ் போனில்.
போதும், உன் காருக்கும் அதையே ஊற்று.

தகட்டைத் துடைக்கக் கழற்றினேன்.
நாலு திருகில் ஒன்று வேற்றுச் சாதி.
மறுபக்கத்தில், தேர்ந்த கை செதுக்கியது:

செல்வி யூஃபீமியா டாய்க்
மணநாளில்
மூன்றாம் தளத்து நூற்புப் பெண்கள் அளித்தது
1889

உட்கார்ந்துவிட்டேன்.
எத்தனை வாரக் கூலியில் எத்தனை பென்னி!
இயந்திர இரைச்சலில் செவி மங்கியவர்கள்
கூடிப் பேசி (கையால்தான் பேசியிருப்பார்கள்)
மணியடிக்கும் கடிகாரமாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள்.
எந்தக் குளிர்காலத்தில் அது அடகுக்கடை போனது,
அவள் போனாளா, அவன் கொண்டுபோனானா,
தகட்டில் இல்லை.
எங்கள் ஏ. கின்லாக்
அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு
ஆணியால் தன் பெயரைக் கீறிக்கொண்டார்.
பரிசாம்.

இனி மணி.
ஏழிலிருந்து நாலுக்குப் பின்னால் போக வழியில்லை.
முள்ளைத் திருப்பினாலும் மணி கேட்காது,
அதன் கணக்கு வேறு சக்கரத்தில்.
சின்ன நெம்புகோலை விரலால் தூக்கித் தூக்கி
எட்டு, ஒன்பது, பத்து என்று
பன்னிரண்டைத் தாண்டித்தான் நாலுக்கு வரவேண்டும்.
நடுவே ஒவ்வொரு அரைமணிக்கும் ஒற்றை அடி.
மொத்தம் அறுபத்தொன்பது.
ஐம்பதாவதில் பக்கத்து வீட்டு கவன்ஸ் சுவரை இடித்தார்.
"என்ன, அங்கே யாருக்காவது கல்யாணமா?"
ஆமாம் என்று கத்தினேன்.

டிக் டாக் இன்னும் நொண்டுகிறது.
பழைய பயணச்சீட்டை மடித்து இடது காலடியில் வைத்தேன்.
இரண்டு மடிப்பு அதிகம்.
ஒன்று சரி.

தகடு சமையலறை மேசையில் கிடக்கிறது,
திருகுகள் தேநீர்க் கோப்பையில்.
எந்தப் பக்கம் வெளியே என்று வாலஸிடம் கேட்கவில்லை.
நாளை எனக்கு முதல் வண்டி, ஐந்து பத்துக்கு.